கூல்வெனுக்கு ஒரு மெழுகுச் சிலுவை

"கடல்ல செத்தவங்களுக்குக் கால் எப்பக் காயும்?"

போன இலையுதிர் காலத்தில், வெள்ளைத் தீவில் பார்பா வீட்டு அடுப்பருகே உட்கார்ந்து, பக்கத்து வீட்டு மோனா இப்படிக் கேட்டாள். அவளுக்கு ஆறு வயது. கேட்கப்பட்ட கூல்வெனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மரச்செருப்பு செய்பவரின் மகன். குருமடத்தில் சேர்ந்து, பூசை நேரத்தில் பாட்டுக் கட்டியதால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். மூன்று கவிதை நூல்கள் அச்சிட்டு, பெரும்பாலான பிரதிகளைத் தானே வைத்திருந்தவர். பிரான்சின் மேற்குக் கடலோரத்துப் பிரெத்தோன் மொழிப் பாட்டும் கதையும் தேடி ஊர் ஊராக நடந்து, தையற்காரர்களையும் பிச்சைக்காரர்களையும் கேள்வி கேட்டே ஆயுளைக் கழித்தவர். அவரை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. பென்சிலைக் கடித்தார். வீட்டுக்காரி பார்பா, நன்றாக எரிந்துகொண்டிருந்த நெருப்பில் இன்னொரு காய்ந்த புல்மண் கட்டியைப் போட்டாள்.

வசந்தத்தில் அவர் மறுபடி தீவுக்குப் புறப்பட்டார். கரையில் படகுக்கு நிற்கும்போது காற்று அவர் தொப்பியைப் பறித்துக் கடலில் போட்டது. பின்னாலேயே மூடுபனி இறங்கிப் படகெல்லாம் நின்றுபோனது. அவருக்கு அதில் வருத்தமில்லை. துறைமுகத்துச் சாராயக்கடையில் வலை பின்னுகிறவர் ஒருவர் முடிவே இல்லாத பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார். கூல்வென் அதை எழுதிக்கொண்டு சந்தோஷமாக இருந்தார். தொப்பிதான் காத்திருக்கவில்லை. அது முன்னால் போய்த் தீவில் ஒதுங்கியது. எங்கும் மறந்து வைத்துவிடுகிறவர் என்பதால், உள்ளே தன் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார்.

தீவில் அதற்குமேல் விசாரணை இல்லை. கடல் ஆளை எடுத்துக்கொண்டு தொப்பியைத் திருப்பித் தரும். உடல் கிடைக்காதவர்களுக்கு அங்கே சின்ன மெழுகுச் சிலுவை ஒன்று செய்து, மேசையில் வெள்ளைத் துணி விரித்து வைத்து, உடலுக்குச் செய்வதெல்லாம் அதற்குச் செய்வார்கள். ராத்திரி முழுக்க அழுது செபிப்பார்கள். காலையில் பங்குச் சாமியார் வந்து கோவிலுக்கு எடுத்துப்போவார். வெளியாட்கள் பார்க்கக் கூடாத சடங்கு அது. எத்தனையோ வருடம் கெஞ்சியும் கூல்வெனை ஒருமுறைகூட விட்டதில்லை. இப்போது அவருக்கே நடந்தது. உறவென்று அவருக்கு யாரும் இல்லாததால் பார்பா தன் மேசையைக் கொடுத்தாள்.

பனி விலகிய காலையில் முதல் படகில் வந்தார் கூல்வென். பாறையில் குதிக்கும்போது முழங்கால்வரை நனைந்து, பார்பா வீட்டுக் கதவைத் தள்ளினார். கறுப்பு உடுத்திய பெண்கள் நிறைந்திருந்தார்கள்.

"யாருக்கு நடக்குது?" என்று மெல்லக் கேட்டார்.

"உங்களுக்குத்தான்," என்றாள் செபம் நடத்திக்கொண்டிருந்த கத்தெல். "உட்காருங்க, செபம் பாதியில நிக்குது."

உட்கார்ந்தார். கை தானாகப் பென்சிலை எடுத்தது.

"எழவு வீட்டுல பென்சிலா?"

"என் எழவுதானே, கத்தெல்?"

"யாரு எழவா இருந்தா என்ன, மரியாதைன்னு ஒண்ணு இருக்கு."

பக்கத்திலிருந்த கிழவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வருத்தமா இருக்கு ஐயா. நல்ல மனுஷன். பாட்டுதான் சுமாரா எழுதுவாரு."

"எந்தப் பாட்டு சுமார்?"

"விடுங்க. செத்தவரைப் பத்தி எதுக்கு?"

பார்பா எழுந்து வந்தாள். முகம் வீங்கியிருந்தது. அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சொட்டிக்கொண்டிருந்த கால்களைப் பார்த்தாள். அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கிய கம்பளிக் காலுறைகளை எடுத்து வந்து, மண்டியிட்டு, ஈரத்தைத் துடைத்து அவருக்கு மாட்டிவிட்டாள்.

அந்தக் காலுறைகளை யாரும் தொட்டதில்லை. மீன்பிடிக்கப் போய் வருடக்கணக்காகத் திரும்பாத அவள் மகன் ரியோக்குக்காகத் தொங்கியவை அவை. "கால் நனைஞ்சு வருவான்" என்று சொல்லி, அவனுக்கு மெழுகுச் சிலுவை வைக்க அவள் விடவே இல்லை.

அப்போதுதான் பங்குச் சாமியார் வந்தார். கூல்வெனைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உசுரோட இருக்கிறவரை நான் எப்படி அடக்கம் பண்றது?"

"அழுதாச்சே சாமி," என்றாள் கத்தெல். "அழுத சிலுவை கோவிலுக்குப் போகலைன்னா, கடல் வேற ஆளைக் கேக்கும்."

"எங்கப்பா இப்ப கடல்லதான இருக்காரு?" என்றாள் மோனா. யாரும் அவளைப் பார்க்கவில்லை.

கூல்வென் எழுந்தார். "சாமி, மத்தியானம் வரைக்கும் நான் செத்திருக்கேன். எனக்கும் வேற வேலை இல்ல."

"ஆண்டவரை ஏமாத்தச் சொல்றீங்களா?"

"கொல்லைப்பக்கமா போய் நிக்கட்டுமா?"

"நீங்க எங்க நின்னாலும் அவருக்குத் தெரியும். யார் பேரைச் சொல்லி நான் செபிக்கிறது? அதைச் சொல்லுங்க மொதல்ல."

கத்தெல் தனக்குள் பேசுகிறவள் போல, "தங்க வந்த ஆளுக்கா பார்பா இந்த அழுகை அழுறான்னு ராத்திரியே நெனச்சேன்," என்றாள்.

கூல்வெனுக்குப் புரிந்தது. கேள்வி கேட்பதே தொழிலானவர், வாயைத் திறக்கவில்லை. பென்சிலைப் பையில் போட்டார். பார்பாவின் பக்கத்தில் போய், அவள் தோளை ஒட்டி உட்கார்ந்தார். அவர் செய்தது அவ்வளவுதான். சில நேரங்களில் ஆண்டவர் நம்மிடம் கேட்பதும் அவ்வளவுதான்.

பார்பா அவர் கால்களையே வெகுநேரம் பார்த்தாள்.

"ரியோக்குன்னு சொல்லுங்க சாமி," என்றாள். "ரியோக் துவால். பார்பா மகன்."

சிலுவை போனது. பின்னால் ஊரே போனது. வழியில் இரங்கல் சொன்னவர்களில் பாதிப்பேர், முடிவுசெய்து வந்ததை மாற்ற முடியாமல், கூல்வெனின் கையையே குலுக்கினார்கள். அவரும் எல்லோருக்கும் நன்றி சொன்னார். கோவிலில் அவர் தொப்பியைத் திருப்பித் தரலாமா என்று சின்ன வாக்குவாதம் நடந்தது. சாயந்திரம் மோனாவின் அப்பா, மீனே இல்லையென்று திட்டிக்கொண்டு கரையேறினார்.

ஊருக்குத் திரும்பும் நாளில் கூல்வென் காலுறையைக் கழற்றக் குனிந்தபோது பார்பா தடுத்தாள். "போட்டுக்கிட்டே போ தம்பி. அது காத்திருந்தது போதும்."

பல வருடங்கள் கழித்து, பார்பாவும் இல்லாத ஒரு குளிர்கால மதியம், அவர் தனியாகத் தீவுக்கு வந்தார். மெழுகுச் சிலுவைகளையெல்லாம், ரியோக்குடையதையும், சேர்த்து வைக்கும் சின்னக் கல்மாடம் கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. மழையில் அங்கே ஒருவரும் இல்லை. கோட்டுக்குள்ளிருந்து ஒரு ஜோடி கம்பளிக் காலுறையை எடுத்தார். வயதான காலத்தில் தானே கற்றுப் பின்னியது. ஒன்று நீளம், மற்றது குட்டை, குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மாடத்தின் கம்பிக்குள் கைவிட்டு, மழை படாத மூலையாகப் பார்த்து வைத்தார். தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.

இதை மட்டும் அவர் எங்கும் எழுதவில்லை.