நீலக்கல்லின் தொப்பை

நீல நிறத்தின் விலை ஏழரை லட்சம். வானத்துக்கு அது ஓசியில் கிடைத்தது. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆறு காரட் கல்லுக்குள் கடுகளவு ஒளிந்திருந்த நீலத்துக்கு எலும்பு டாக்டரம்மா ஒப்புக்கொண்ட தொகை அது. பத்தில் ஆரம்பித்து, அவர் இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பி வந்து முடிந்த பேரம்.

கல்லுக்குப் போட்ட முதல் என்னுடையது. பிறந்த வீட்டு வளையல் நாலையும் விற்று, நாலு லட்சத்துப் பத்தாயிரம் எண்ணிக் கொடுத்தேன். சும்மா கிடக்கிற தங்கத்தைக் கண்டால் என் வீட்டுக்காரருக்குத் தூக்கம் வராது. "மோதிரம் வித்ததும் மொத வேலை உன் வளையல்தான்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். என் தலையில்.

அவர் பட்டை தீட்டுபவர். வாயில் குறை உண்டு, கையில் கிடையாது. வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் கல்லைப் போட்டு மூன்று நாள் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கல் முழுக்கத் தண்ணீர் நிறம். ஒரு மூலையில் மட்டும் பேனா மை சிந்தியதுபோல் நீலம். அந்த மூலை அடியில் வரும்படி குச்சியில் அரக்கு வைத்து ஒட்டி, சக்கரத்தில் பிடித்தார். அடியில் ஒரு பொட்டு நீலம் இருந்தால் போதும். பட்டைக்குப் பட்டை அது எதிரொளித்து, மேலிருந்து பார்க்கிறவருக்குக் கல் மொத்தமும் நீலம். ஏமாற்று இல்லை, தொழில். வாசல் அறையில் மட்டும் சோபா போட்டுவிட்டு வீடு முழுக்கச் செல்வம் என்று காட்டும் குடும்பங்கள் இல்லையா, அப்படி.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குச் சொல்லவில்லை. முதல் போட்டவளிடம் சரக்கின் குறையைச் சொல்லக் கூடாது என்பது தொழில் தர்மமாம்.

மோதிரம் செய்து கல் பதிப்பவன் என் தம்பி. பின்னறையில் சக்கரம், முன்னறையில் பதிப்பு மேஜை, நடுவே நடைவழியில் என் கல்லாப்பெட்டி. இருவருக்கும் பேச்சு நின்று பதினோரு மாதம். ஆள் கூட்டமாக இருந்த ஒருநாள், "மாமா, உங்களுக்கும் நீங்க தீட்டுற கல்லுக்கும் ஒரே தொப்பை" என்று சொல்லிவிட்டான். எடை குறைந்தால் காசு குறையும் என்று கல்லின் அடியைப் பருமனாக விடுவது அவர் வழக்கம். தன் வயிற்றையும் அந்தக் கணக்கில்தான் விட்டிருந்தார். உண்மையைச் சொன்னவனை எந்த மாமன் மன்னித்தான்?

அன்றிலிருந்து நான் தபால்காரி.

"அந்த அரைவேக்காடுகிட்ட சொல்லு, கல்லைப் பிடிக்கிற கம்பி ஒண்ணு கோணலா நிக்குது."

முன்னறைக்குப் போய்ச் சொல்வேன்: "கம்பி ஒண்ணு கோணலாம்டா."

"அந்தப் பெரிய மனுஷன்கிட்ட சொல்லுக்கா, கோணல் அவர் கண்ணுல."

பின்னறைக்குப் போய்ச் சொல்வேன்: "சரி பண்ணிடறானாம்."

டப்பா எடையைக் கழித்துத்தானே சரக்கை நிறுப்பது? வியாபாரி மகள் நான். வசவைக் கழித்துவிட்டுச் செய்தியை மட்டும் கொடுப்பேன்.

டாக்டரம்மா மோதிரத்தைப் போட்டுப் பார்க்க வந்தார். விரலை நீட்டி முகத்தைச் சுளித்தார். "இது மோதிரமா, மொட்டை மாடித் தண்ணித் தொட்டியா? இதுக்கு மேல கையுறை எப்படிப் போடறது? உயரத்தைக் குறைச்சு வைங்க, வியாழக்கிழமை பணத்தோட வரேன்."

பின்னறையில் என் வீட்டுக்காரர் கல் வாங்க வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். செருப்பில் காலை நுழைத்தபடியே கத்தினார்: "கல்லு உக்கார்ற கூட்டை அகலமாக்கிக் கல்லை இறக்கச் சொல்லு அந்தத் தடிமாட்டை. கல்லோட அடியில கை வச்சான்னா, கையை ஒடிச்சு அடுப்புல வச்சிடுவேன்னு சொல்லு!"

முதல் பாதி செய்தி. இரண்டாம் பாதி எனக்கு வழக்கமான வசவாகக் கேட்டது. கழித்துவிட்டேன்.

"கூட்டை அகலமாக்கிக் கல்லை இறக்கணுமாம்டா. பார்த்துப் பண்ணு."

தம்பி இறக்கினான். கல்லின் அடி விரலில் இடித்தது. "பார்த்தியா, தொப்பை இடிக்குது! தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டாரா?" என்று கல்லைக் கழற்றிக்கொண்டு பின்னறைக்குப் போனான்.

"உனக்குச் சக்கரம் ஓட்டத் தெரியுமாடா?"

"தொப்பையைக் குறைக்கப் பட்டப்படிப்பா வேணும்?"

மாலையில் வந்தான். கல்லைக் கழுவினான், சட்டையில் துடைத்தான், மறுபடி கழுவினான்.

"அக்கா, பல்பை மாத்தினியா?"

"இல்லையே."

வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்தோம். கண்ணாடி டம்ளரின் அடிபோலப் பளிச்சென்று இருந்தது.

"கொஞ்சம் வெளிறிடுச்சோ?"

"கொஞ்சமா? என் மூஞ்சியே இப்போ இதைவிட நீலமா இருக்கும்டா."

மறுநாள் வீட்டுக்காரர் திரும்பினார். லென்ஸை வைத்து ஒருமுறை பார்த்தார். படியில் அப்படியே உட்கார்ந்தார். பிறகு, பதினோரு மாதத்தில் முதல்முறையாக, நேராகக் கூப்பிட்டார்.

"மாப்ள, இங்க வா. எவ்வளவுடா எடுத்தே?"

"துளிதான் மாமா. அடியில ஒரு சீவல்."

"அந்தத் துளியிலதான்டா மொத்த நீலமும் இருந்துச்சு."

"எனக்கெப்படி மாமா தெரியும்? யாரும் சொல்லலையே."

"சொல்லி அனுப்பினேனே!"

இரண்டு தலைகளும் சேர்ந்து என் பக்கம் திரும்பின.

"ஏன்க்கா சொல்லல?"

"இவ எப்பவுமே இப்படித்தான்டா, பாதியை முழுங்கிடுவா."

"சின்ன வயசுலேர்ந்தே மாமா. எங்கம்மாகிட்ட எத்தனை அடி வாங்கிக் குடுத்திருக்கா தெரியுமா?"

"சொல்லு, சொல்லு."

பதினோரு மாதப் பகை பத்து நொடியில் தீர்ந்தது. தோளில் கை போட்டுக்கொண்டு டீக் குடிக்கக் கிளம்பினார்கள். "உனக்கு ஏதாவது வாங்கிட்டு வரவா?" என்று பெருந்தன்மையாகக் கேட்டார் வீட்டுக்காரர்.

"நாலு வளையல்" என்றேன். காது கேட்காதவர்போல நடந்தார்.

வியாழக்கிழமை டாக்டரம்மா கல்லைப் பார்த்தார். "எனக்கு எலும்பு மட்டும்தான் தெரியும்னு நினைச்சீங்களா?" என்று எழுந்தார். வாசல்வரை போனார், திரும்பி வரவில்லை. ஒரு தரகர் வந்து, வெள்ளைக் கல் என்று அறுபத்திரண்டாயிரத்துக்கு எடுத்துப்போனார்.

மாதக் கடைசியில் இருவரும் சிரித்துக்கொண்டே கூலிக்கு வந்தார்கள். கணக்கு நோட்டை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன். ஏழரை லட்சத்தை எழுதவில்லை. வராத லாபத்தைக் கணக்கில் ஏற்றுகிறவர் வியாபாரி இல்லை. மறைத்தவர் ஒருவர், கேட்காமல் தேய்த்தவன் ஒருவன், கழித்துச் சொன்னவள் நான். மூன்று பங்கு.

வளையல் விற்றுப் போட்டது 4,10,000. வெள்ளைக் கல் வரவு 62,000. நட்டம் 3,48,000. தலைக்கு 1,16,000. என் தலை வளையலோடு கழிந்தது. பட்டை தீட்டுபவர்: இந்த மாதக் கூலியில் பிடித்தது 4,000, பாக்கி 1,12,000. பதிப்பவன்: பிடித்தது 4,000, பாக்கி 1,12,000.