நமத்துப்போன குச்சிகள்

நாலாயிரத்து முந்நூற்று இருபது ரூபாய். பதினாறு பாட்டில் டானிக்கின் விலை. கிட்டுவின் கருமாதி முடிந்த மறுநாளே அதைக் கேட்டு வந்து நின்றான் லிங்கராஜ்.

கோவில்பட்டியில் கடை வைத்து, எய்ட்ஸை வேரோடு குணமாக்குவதாகப் போர்டு மாட்டியிருந்தவன் அவன். "ஆஸ்பத்திரி மாத்திர உடம்ப உருக்கிரும், தூக்கி எறிலே" என்று அவன் சொன்னதை நம்பிக் கிட்டு எறிந்தான். ஏழே மாதத்தில் போய்ச் சேர்ந்தான்.

"ஆவணி கழியட்டும் அண்ணாச்சி, தாரேன்" என்றாள் கிட்டுவின் மனைவி உச்சிமாகாளி. தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. ஒரு குச்சி போதும், இவன் கடை சாம்பலாகிவிடும் என்று மனசு கணக்குப் போட்டது. அன்றிலிருந்து ஒரு தீப்பெட்டி அவள் மடியிலேயே இருந்தது.

அவளுக்கும் அதே நோய். அரசாஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போனபோது நர்ஸம்மா சொன்னாள்: "ரத்தத்துல இருக்க வெள்ளணு ஆக்சிஜன இழுத்து நெருப்பாக்கித்தான் கிருமியப் பொசுக்கும். இந்தச் சீக்கு வந்தா அது நமத்த குச்சி கணக்கா ஆயிரும். பெட்டி நெறைய இருந்தாலும் உரசுனா பத்தாது. மாத்திரய விடாமத் தின்னாத்தான் திரும்பக் காயும்."

கிட்டுவின் குச்சிகளை நமத்துப்போக வைத்தவன் யார்? பல்லைக் கடித்தபடி திரும்பினாள். அதே வரிசையில், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, கையில் மாத்திரைச் சீட்டோடு லிங்கராஜ்!

கத்த வாயெடுத்தாள். அவள் ஒட்டிய பெட்டியைத் தொடமாட்டோம் என்று தீப்பெட்டி ஆபீஸில் அவளை ஒதுக்கிய நாள் நினைவுக்கு வந்தது. குரலைத் தாழ்த்தினாள்.

"நீ திங்குத மாத்திரயத்தானலே எம் புருசன் வாயிலருந்து பிடுங்குன?"

"தாயீ, ஊருல சொல்லிராத."

"ஒஞ் சீக்கச் சொல்லமாட்டேன். ஒம் பொய்ய விடமாட்டேன். நட கடைக்கு."

கடையில் கழுகுமலையிலிருந்து வந்த புருசன் பெண்டாட்டி காத்திருந்தார்கள்.

"சொல்லு" என்றாள்.

"இந்த டானிக்குல... ஒண்ணும் கேக்காது. அரசாஸ்பத்திரிக்குப் போங்க."

"சத்தமாச் சொல்லுலே!"

மூன்று முறை சொல்லவைத்தாள். போர்டை அவன் கையாலேயே கழற்றவைத்தாள். பாட்டில்களைச் சாக்கடையில் கவிழ்க்கவைத்தாள். அவன் அழுதான். அவளுக்கு இரக்கம் வரவில்லை.

"சீக்கு வந்தது ஒங் குத்தமில்ல, எங் குத்தமுமில்ல. மருந்த நிறுத்தச் சொன்னியே, அதாம்லே கொலை!"

கிட்டுவின் பெயர் இருந்த கடன் நோட்டுத் தாளைக் கிழித்து வாங்கினாள். மடியிலிருந்து பெட்டியை எடுத்து ஒரு குச்சியை உரசினாள். ஒரே உரசலில் பற்றியது. நாலாயிரத்து முந்நூற்று இருபது ரூபாயும் அவன் கண்முன்னே எரிந்து விழுந்தது.