வெற்றுச் சுவருக்கு முன்னால்

சிங்கப்பூர் தேக்காவில் பூக்கடைகளுக்குப் பின்னால் போகும் சந்து ஒன்றில், பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அகமௌன சங்கம். மரப்படி ஏறிப் போனால் நீளமாக ஒரு கூடம். தரையில் பாய்கள், முழங்கால் வலிக்காரர்களுக்கு நாற்காலிகள், எதிரே வெள்ளையடித்த சுவர். அந்தச் சுவரில் படம் இல்லை, எழுத்து இல்லை, ஆணிகூட அடித்தது கிடையாது. எந்த மதத்தவரும் வரலாம், அவரவர் தெய்வத்தை அவரவர் மனதுக்குள் நினைத்துக்கொள்ளலாம், சங்கம் எவர் பக்கமும் சாயாது, ஆளுக்கு ஓர் ஓட்டு. அந்தக் காலத்தில் துறைமுகத்தில் வேலை பார்த்த சிலர் சேர்ந்து எழுதிய விதிகளின் சாரம் இவ்வளவுதான். ஞாயிறுதோறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சும்மா இருப்பார்கள். பிறகு தேநீர். பிறகு சண்டை.

சண்டை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மின்விசிறியை மாற்றுவதா, ஏர்கான் போடுவதா என்கிற அளவில்தான் இருக்கும். ஸ்ரீராம் தலைவரான பிறகு வந்த சண்டை மட்டும் வேறு ரகம்.

ஸ்ரீராமுக்கு ஈசூனில் ஏர்கான் பழுதுபார்க்கும் தொழில். ஒரு காலத்தில் குடியே கதி என்று கிடந்தவன். சோலையூர் சுவாமிகள் சிங்கப்பூருக்கு வந்தபோது யாரோ இழுத்துப்போய் அவர் முன்னால் நிறுத்தினார்கள். அன்றோடு பாட்டிலைத் தொடவில்லை. அந்த நன்றி அவனுக்குள் அடங்க மறுத்தது. சங்கத்தின் சுவரில் சுவாமிகளின் படத்தை மாட்ட வேண்டும், இனிமேல் சங்கத் தலைவரைச் சுவாமிகளே நியமிக்க வேண்டும் என்று விதித் திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தான். அதற்கு முன்பே சுவாமிகளின் பக்தர்கள் பலரை உறுப்பினராகச் சேர்த்தும் இருந்தான். எல்லாம் முறைப்படிதான்.

திருத்தம் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். தீர்மானம் கொண்டுவருபவரே கூட்டத்துக்குத் தலைமை தாங்கக் கூடாது என்பதும் விதி. யாரை உட்கார வைப்பது என்று பேச்சு வந்தபோது இரண்டு தரப்பும் ஒரே பெயரைச் சொன்னன. மதுரா.

மதுரா நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளர். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் அழுதாலும் பொய் சொன்னாலும், சொன்னதைச் சொன்னபடி ஆங்கிலத்தில் எடுத்து வைப்பது அவள் வேலை. ஒரு சொல் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, முகத்தில் எதையும் காட்டக் கூடாது. "உந்தப் பிள்ளை ஒரு பக்கமும் சாயாது" என்று தில்லையம்பலம் எல்லாரிடமும் சொன்னார். அவர் பழைய உறுப்பினர், திருத்தத்துக்கு முதல் எதிரி. மதுராவின் அப்பா குடும்பமும் அவர் குடும்பமும் ஒரே ஊரிலிருந்து வந்தவை.

ஆனால் தில்லையம்பலத்துக்குத் தெரியாத ஒன்று ஸ்ரீராமுக்குத் தெரியும். மதுராவும் சுவாமிகளின் பக்தை.

கணவர் நிஷாந்தன் இறந்துபோன பிறகு அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. மாத்திரை போட்டும் விடிய விடியக் கண் எரியக் கிடப்பாள். அப்போது பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் இருந்த ஸ்ரீராம்தான் சுவாமிகளின் கூட்டத்துக்கு அழைத்துப் போனான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சுவாமிகள் மேடையிலிருந்து இறங்கி, நடந்து போகும் போக்கில் அவளை ஒருமுறை பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இரைந்துகொண்டே இருந்த மோட்டாரை யாரோ நிறுத்தியதுபோல் அவளுக்குள் எல்லாம் நின்றது. தன் மூச்சு போய் வருவது எங்கோ தூரத்தில் கேட்டது. வீட்டுக்கு வந்து மறுநாள் மதியம்வரை தூங்கினாள். அதற்குப் பிறகு அவரை நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வந்ததில்லை. மலையடிவாரத்தில் நிற்பவர் உச்சியைப் பார்க்கக் கூசுவது போன்ற ஒரு பயபக்தி.

ஆகவே படம் சுவரில் ஏற வேண்டும் என்றுதான் அவள் மனமும் விரும்பியது. தலைமை ஏற்றால் ஓட்டுரிமை இல்லை. அதுகூட அவளுக்கு ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு அப்துல் முத்தலிப் அவளிடம் பேசினார். பஃபலோ ரோட்டில் மளிகைக் கடை நடத்தியவர். இப்போது கடையை மகன் ஹுசைன் பார்த்துக்கொள்கிறான். அவரும் மனைவி நஃபீசாவும் ஞாயிறு தவறாமல் வந்து பின்வரிசையில் உட்காருவார்கள்.

"படம் வந்துச்சுன்னா நாங்க அந்தப் பக்கம் பார்த்து உக்கார முடியாதும்மா. கோபமெல்லாம் இல்ல. அவர் பெரிய மனுசர்தான். ஆனா எங்களுக்கு அது ஆகாது. முன்கூட்டியே சொல்லிடறேன், அப்புறம் நாங்க வரலன்னா யாரும் தப்பா நெனைக்கக் கூடாதுல்ல?"

மதுரா தலையாட்டினாள்.

கூட்டத்தன்று கூடம் நிறைந்து படிக்கட்டு வரைக்கும் ஆள். புதியவர்கள் ஒரு பக்கம், பழையவர்கள் ஒரு பக்கம் என்று தானாகவே பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ரீராமின் தாயார் சாமுண்டீஸ்வரி மட்டும் வழக்கமான இடத்தில், நஃபீசாவுக்குப் பக்கத்தில் இருந்தார். மகன் சேர்த்துவிட்ட புதிய உறுப்பினர்களில் அவரும் ஒருவர். வந்த முதல் ஞாயிறே முழங்கால் வலிக்கு நஃபீசா தைலம் கொடுக்கப்போக, இருவருக்கும் ஒட்டிக்கொண்டது.

மதுரா எழுந்தாள்.

"தொடங்குவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். நான் சோலையூர் சுவாமிகளை வணங்குபவள். என் துக்கத்திலிருந்து என்னை மீட்டவர் அவர். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் நான் தலைமை தாங்கலாம் என்று நீங்கள் கருதினால் தாங்குகிறேன். இல்லையென்றால் இப்போதே இறங்கிவிடுகிறேன்."

கூடம் சலசலத்தது. தில்லையம்பலத்தின் முகம் சிவந்தது. "என்ன பிள்ளை, நீருமோ? இதை முதலே சொல்லியிருக்கலாமெல்லோ!"

பின்வரிசையிலிருந்து முத்தலிப் எழுந்தார். "சொல்லாம உக்காந்திருந்தா யாருக்குத் தெரியும்? சொல்லிட்டாங்கல்ல. எனக்கு இவங்களே போதும். நீங்க உக்காருங்கம்மா."

அவர் அவ்வளவுதான் பேசினார். இரண்டு பக்கமும் தலைகள் அசைந்தன. இந்தத் தீர்மானம் நிறைவேறினால் இந்தக் கூடத்தை இழக்கப்போகிறவரே தன்னை நம்புகிறார் என்று நினைத்தபோது மதுராவுக்கு உடம்பு சிலிர்த்தது.

முதல் சிக்கலைத் தில்லையம்பலமே கொண்டுவந்தார். "உவையள் நேற்று வந்தவை. சுவரைப் பார்த்து ஒழுங்கா இருக்கக்கூடப் பழகேல்லை. உவைக்கு ஓட்டுக் குடுக்கேலாது."

"புதியவர், பழையவர் என்று விதி பிரிக்கவில்லை, அங்கிள்" என்றாள் மதுரா. "உறுப்பினர் என்றால் உறுப்பினர்தான். அவர்கள் எல்லாரும் ஓட்டளிக்கலாம்."

புதியவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் அவளுக்கு இனிக்கவில்லை. சரியான தீர்ப்பும் தன் ஆசையும் ஒரே திசையில் போனதில் ஏதோ கூச்சமாக இருந்தது.

பேச வேண்டியவர்கள் பேசி முடித்தார்கள். ஓட்டெடுப்புக்குச் சற்று முன் ஸ்ரீராம் கைப்பேசியோடு முன்னால் வந்தான். கூடத்தின் ஓரத்தில் இருந்த பெரிய திரையில் அதை இணைத்துவிட்டான்.

"அக்கா, சுவாமி லைன்ல இருக்காரு. ரெண்டு நிமிஷம் ஆசி சொல்லிட்டுப் போயிடுவாரு லா. அப்புறம் ஓட்டு எடுத்துக்கலாம்."

மதுரா ஏதும் சொல்லும் முன் திரை ஒளிர்ந்தது. சுவாமிகளின் முகம். பின்னால் ஒரு வேப்பமரம், வெயில். புதியவர்கள் சடசடவென எழுந்து கை கூப்பினார்கள். மதுராவின் கைகளும் தாமாக உயர்ந்தன. எவரை நிமிர்ந்து பார்க்க இத்தனை நாள் கூசினாளோ, அவர் முகம் இப்போது அவள் உயரத்துக்கு எதிரே இருந்தது.

அவர் வாய் திறந்து இரண்டு வார்த்தை பேசினால் போதும், எல்லாம் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தக் குரலைக் கேட்டபின் அந்தப் பக்கம் யாரும் கையைக் கீழே வைக்க மாட்டார்கள். ஓட்டு இருந்திருந்தால் தானும் வைக்க மாட்டாள். பின்வரிசையில் முத்தலிப்பும் நஃபீசாவும் மரியாதைக்காக எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

கூப்பிய கையை எடுக்காமலே மதுரா சொன்னாள்: "சுவாமி, மன்னிக்க வேண்டும். இந்தக் கூட்டத்தில் உறுப்பினர்கள் மட்டுமே பேசலாம்."

"அக்கா!" என்றான் ஸ்ரீராம்.

திரையில் சுவாமிகள் சற்று முன்னால் குனிந்தார். "நான் உறுப்பினர் இல்லையாம்மா?"

மதுரா திரையை நிமிர்ந்து பார்த்தாள். குரல் நடுங்கவில்லை.

"இல்லை, சுவாமி."

அவர் அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார். மகிழ்ந்து சிரித்தாரா, மனம் நொந்து சிரித்தாரா என்று இன்றுவரை ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "சரி" என்றார். திரை இருண்டது.

அப்போதுதான் அது நடந்தது. யாரும் கத்தவில்லை. யாரும் வெளியேறவில்லை. எழுந்து நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். மின்விசிறியின் சத்தம், கீழே பாத்திரக் கடையில் ஏதோ சரிந்து உருளும் சத்தம், பிறகு அதுவும் இல்லை. அன்றொரு நாள் கடைசி வரிசையில் அவளுக்குள் வந்திறங்கிய அதே அமைதி கூடத்துக்குள் வந்திறங்கியது. கை கூப்பியவர்கள் மேல், கை கூப்பாதவர்கள் மேல், கோபத்தில் நெற்றி நரம்பு புடைத்து நின்ற ஸ்ரீராம் மேல், தில்லையம்பலத்தின் கைத்தடி மேல், எல்லாவற்றின் மேலும் ஒன்றுபோல இறங்கியது. அவர் கண்ணிலிருந்து வருவது என்று அவள் நம்பியிருந்த ஒன்று, அவர் போன பிறகும் இங்கே இருந்தது. யாருடையது இது? அவளுக்கு அழுகை வந்தது. பயமாகவும் இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படிப் போயிற்று என்று யாரும் சொல்ல முடியாது. தான் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருப்பது மதுராவுக்கு நினைவு வந்தது.

"தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள்."

கைகள் எழுந்தன. நிறைய. சிலருடையவை தயங்கித் தயங்கி எழுந்தன. பாதிக்கு மேல் இருந்தது பார்த்தவுடனே தெரிந்தது. எண்ணிக்கைக்கு நின்ற இருவரும் இரண்டுமுறை எண்ணினார்கள்.

"எதிர்ப்பவர்கள்?"

பழையவர்கள் கை தூக்கினார்கள். அவர்களோடு சாமுண்டீஸ்வரியின் கையும் உயர்ந்தது. வளையல் முழங்கைவரை சரிந்தது.

"மா! என்னம்மா பண்றே?" என்றான் ஸ்ரீராம்.

"சாமி எங்க வேணா இருப்பாருடா. உன் குடியை நிறுத்துன புண்ணியவான், அவருக்கு இந்த ஒரு சுவரா கெடைக்காது?" என்றார் அவர். கை இறங்கவில்லை. "முத்தலிப் பாய் எங்கடா போவாரு?"

புதியவர்கள் பக்கத்தில், ஆதரவுக்குக் கை தூக்காமல் இருந்த யாரோ ஒருவர் கை உயர்ந்தது. அப்புறம் இன்னொன்று. இன்னும் சில. நஃபீசா முகத்தை முக்காட்டால் துடைத்துக்கொண்டார்.

மதுரா முடிவை வாசித்தாள். ஆதரவு அதிகம், ஆனால் மூன்றில் இரண்டு பங்கு எட்டவில்லை. தீர்மானம் தோற்றது.

"பாதிக்கு மேல எங்க பக்கம் இருக்கு. இது என்ன நியாயம்க்கா?" என்று ஸ்ரீராம் கேட்டான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

"நீயும் நானும் சேரும்போது ஒத்துக்கிட்ட விதிதான் ஸ்ரீராம்" என்றாள், முதல்முறையாக மேடைத் தமிழை விட்டு.

அவன் கைப்பேசியைப் பையில் போட்டான். "அப்ப நான் தலைவர் பதவிய ரிசைன் பண்றேன்."

"அது இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை" என்றாள் மதுரா.

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு கூடமே சிரித்தது. ஸ்ரீராமுக்கும் உதட்டோரம் துடித்தது. முத்தலிப் போய் அவன் தோளில் கை போட்டார். "தம்பி, தலைவர் நீங்கதான். வாங்க, பால் இல்லாம ஒரு தே ஓ குடிப்போம்."

பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். எல்லாம் சரியாகிவிடவில்லை. புதியவர்களில் பாதிப்பேர் விலகினார்கள். புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் ஒருவர் வீட்டில் படம் வைத்து வாராவாரம் கூடுகிறார்கள். ஸ்ரீராம் பதவிக்காலம் முழுக்கத் தலைவராக இருந்தான். காலையில் அங்கே, மாலையில் இங்கே. அவன் அம்மாவுடன் சில வாரம் பேசவில்லை. தில்லையம்பலம் அடுத்த கூட்டத்திலேயே உறுப்பினர் சேர்க்கையைக் கடுமையாக்க ஒரு திருத்தம் கொண்டுவந்து, அதில் அவரும் தோற்றார்.

கூட்டம் முடிந்த அன்று மாலை மதுரா கடைசியாகப் படியிறங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை. சிராங்கூன் சாலை முழுக்க ஆட்கள். துவாஸ் விடுதிகளிலிருந்து பஸ் ஏறி வந்த வெளிநாட்டு ஊழியர்கள் புல்தரையிலும் நடைபாதையிலும் கூட்டம் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஊருக்கு வீடியோ அழைப்பில் குழந்தையைக் கொஞ்சினான். ஒருவன் கோவில் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனான். மசூதியிலிருந்து மக்ரிப் தொழுகை முடிந்து வெள்ளைத் தொப்பிகள் வெளியே வந்தன. மல்லிகையும் வறுத்த கடலையும் வியர்வையும் கலந்து மணந்தன. ஒவ்வொருவர் முகமும் அவளுக்குத் தனித்தனியாகத் தெரிந்தது. இத்தனை பேரும் தங்களுக்குள் ஏதோ ஒன்றைக் கும்பிட்டபடி, ஒருவரை ஒருவர் இடிக்காமல் இந்தக் குறுகலான நடைபாதையில் போய்க்கொண்டிருப்பது எப்படி என்று அவள் வியந்தாள். தினமும் பார்க்கிற தெருதான்.

லிட்டில் இந்தியா ரயில் நிலையம் பக்கத்திலேயே இருந்தது. அவள் அதற்குள் போகவில்லை. கூட்டம் போகிற போக்கில், அடுத்த நிலையமான ஃபேரர் பார்க் நோக்கி மெதுவாக நடந்தாள்.