நிற்காமல் போன வண்டி

அன்று காலை பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பத்திரண்டு டிகிரி. என் மகள் சஹாயாவுக்கு முந்தின நாள் தொடங்கிய வயிற்று வலி வலப்பக்கம் இறங்கியிருந்தது. ஊர் நர்ஸ் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "குடல்வாலா இருக்கும் நார்யா. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க. இந்த மூடுபனியில ஹெலிகாப்டர் வராது" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரி நூற்று முப்பது கிலோமீட்டர்.

என் கணவன் அய்தால் வேன் ஓட்டிப் பிழைப்பவன். வீட்டுக்குள் அடுப்போரம் வைத்திருந்த பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். உறைந்த எண்ணெய் இளகுவதற்காக எஞ்சினுக்கு அடியில் முக்கால் மணி நேரம் தீ காட்டினான். நான் ரேடியேட்டருக்கு முன்னால் அட்டையைக் கட்டி, எஞ்சின் மூடிமேல் கம்பளிப் போர்வையைப் போர்த்தினேன். ஆபத்துக்கென்று எப்போதும் வண்டியில் கிடக்கும் சாக்குமூட்டையையும் சரிபார்த்தேன். காய்ந்த விறகு, கோடரி, தீப்பெட்டி, கம்பளிப் பூட்ஸ், கலைமான் தோல் என்று எல்லாம் இருந்தன.

"டாங்க்ல ஸ்பிரிட் ஊத்தினியா?"

"தீர்ந்துபோச்சு. எங்கயாவது கேட்டு வாங்கிட்டு வர்றதுக்கு அரைமணி ஆகும். போற வரைக்கும் தாங்கும்."

பெட்ரோலில் இருக்கும் ஈரம் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் ஸ்பிரிட் ஊற்றுவது. வேறு நாளாக இருந்தால் அது இல்லாமல் அவன் வாசலைத் தாண்டியிருக்க மாட்டான். சஹாயா முனகிக்கொண்டிருந்தாள். நானும் வாயை மூடிக்கொண்டு ஏறினேன்.

ராத்திரி முழுக்க நின்றதில் டயர்களின் அடிப்பக்கம் தட்டையாக உறைந்திருந்தது. முதல் இரண்டு கிலோமீட்டர் வண்டி நொண்டிக்கொண்டே போனது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் குழந்தை வீறிட்டாள். எண்பதாவது கிலோமீட்டர் வாக்கில் எஞ்சின் ஒருமுறை இருமியது. பிறகு இன்னொரு முறை. அய்தால் ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தினான்.

"குழாய் அடைக்குது. வேகத்தைக் குறைச்சா செத்துடும்" என்றான்.

அப்போதுதான் மூடுபனிக்குள் அந்தக் கார் தெரிந்தது. மூடி திறந்து கிடந்தது. ஒரு ஆள் சாலையின் பாதிவரை வந்து இரண்டு கைகளையும் ஆட்டினான்.

யாகூத்தியாவில் எங்கள் சாலைகளில் நின்றுபோன வண்டியைத் தாண்டி யாரும் போவதில்லை. பகையாளி என்றாலும் நிறுத்துவார்கள்.

"அய்தால், ஆளு!"

"தெரியுது."

"நிறுத்து!"

"நிறுத்தினா இது மறுபடி கிளம்பாது நார்யா. பொண்ணைப் பாரு."

"அந்தாளு செத்துப்போவான்!"

"அப்ப இவ?"

அவன் ஸ்டீயரிங்கை விலக்கினான். அந்த ஆள் ஓரமாகத் தாவினான். எனக்கு என்ன தோன்றியதென்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. ஒரு கையால் சஹாயாவை அணைத்துக்கொண்டு பக்கக் கதவை இழுத்துத் திறந்தேன். சாக்குமூட்டையைக் காலால் உதைத்து வெளியே தள்ளினேன்.

"உனக்குப் பைத்தியமா? இனி வண்டி நின்னா எதை எரிப்ப? உன் தலைமுடியையா?"

"உன் வாயை எரிக்கிறேன். ஓட்டு!"

மீதி ஐம்பது கிலோமீட்டரும் அய்தால் வேகத்தைக் குறைக்கவே இல்லை. எஞ்சின் இருமும்போதெல்லாம் குழந்தையை என் மேல்கோட்டுக்குள் இன்னும் ஆழமாகத் திணித்துக்கொண்டேன். வண்டியில் ஒரு தீக்குச்சிகூட இல்லை.

போய்ச் சேர்ந்தோம். உடனே அறுவைச் சிகிச்சை செய்தார்கள். வெளியே வந்த டாக்டரம்மா, "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா உள்ளயே வெடிச்சிருக்கும்" என்றார். அய்தால் அவர் சொல்லி முடிக்கும்வரை நின்றான். பிறகு ஆஸ்பத்திரி டிரைவரைக் கெஞ்சி அவருடைய ஜீப்பில் வந்த வழியே திரும்பிப் போனான்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் அந்த ஆளோடு வந்தார்கள். ஸ்பிரிதோன் என்று பெயர், ஐம்பது வயதிருக்கும். எங்கள் விறகைப் பற்றவைத்து, அதன்மேல் தன் ஸ்டெப்னி டயரைப் போட்டு எரித்துக்கொண்டு கலைமான் தோலுக்குள் உட்கார்ந்திருந்தாராம். முகம் முழுக்கக் கரி. வலக்கையில் நான்கு விரல்கள் மெழுகுபோல வெளுத்திருந்தன. நாங்கள் வருவதற்கு முன்னால் கையுறையைக் கழற்றிவிட்டு பெட்ரோல் குழாயைச் சுத்தம் செய்ய முயன்றிருக்கிறார். அந்தக் குளிரில் சதையை உறையவைக்கும் பெட்ரோல் கையில் வழிந்துவிட்டது.

நான்காம் நாள் அந்த விரல்களை எடுத்தார்கள். அய்தால் அவர் கட்டிலருகே போய் நின்றான். நான் வாசலில் நின்றேன்.

"அண்ணே, அன்னிக்கு நிக்காமப் போன வண்டி என்னோடதுதான்."

"தெரியும். ஜீப்புல ஏறினப்பவே உன் தொப்பியை வச்சுக் கண்டுபிடிச்சுட்டேன்."

"எஞ்சின் நின்னுடும்னு..."

"உன் பொண்ணு எப்படி இருக்கா?"

"எழுந்து உட்கார்றா."

"ஆங்." அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "மூட்டை விழறதுக்கு முன்னாடி உன் வம்சத்தையே திட்டினேன். விழுந்த பிறகும் நிறுத்தலை. நீ நின்னிருந்தா விரலு இருந்திருக்குமோ என்னவோ. போ, இப்ப பேச வேணாம்."

டாக்டரம்மாவிடம் நான் தனியாகக் கேட்டேன். பெட்ரோல் பட்டபோதே விரல்கள் போயிருக்கலாம் என்றார். போகாமலும் இருந்திருக்கலாம், யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார். முதல் பாதியை மட்டும் அய்தாலிடம் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்தே மறுபாதியைக் கண்டுபிடித்துவிட்டான்.

பத்தாம் நாள் சஹாயாவோடு ஊர் திரும்பினோம். அவள் இப்போது பனியில் சறுக்கி விளையாடுகிறாள். அய்தால் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்பிரிதோனின் ஊருக்குப் போய் விறகு பிளந்து அடுக்கிவிட்டு வருகிறான். யாரும் கூப்பிடவில்லை. முதல் மூன்று வாரம் அந்த வீட்டில் யாரும் கதவைக்கூடத் திறக்கவில்லை. அவருடைய மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்தாளாம், அவ்வளவுதான்.

நான்காவது வாரம் ஸ்பிரிதோன் வெளியே வந்தாராம். கையைக் கோட்டுக்குள் நுழைத்தபடி விறகு அடுக்கைப் பார்த்துவிட்டு, "இன்னும் சின்னதாப் பொளந்து போடு. ஒத்தைக் கையாலதான் தூக்கணும்" என்றாராம்.

இதைச் சொல்லிவிட்டு அய்தால் அன்றிரவு சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். நான் வற்புறுத்தவில்லை.