நூற்றில் நாற்பது

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துத் தருகிற பெண்மணி ஒரு நாள் அச்சுப்படியை என் முன் வைத்துவிட்டு, "சார், நல்லது செய்யறோம்னு நினைச்சு ஒருத்தரைக் கட்டிப்போட்டிருந்தா, அது யார் தப்பு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாததைக் கதையாக எழுதிவிடுவது என் கெட்ட பழக்கம்.

(கதைக்குள் போனதும் அவர் 'அவள்' ஆகிவிடுவார். நேரில் நான் அப்படிப் பேசுவதில்லை.)

முதல் வரியை மூன்று முறை எழுதினேன். 'மாதம் பிறந்தால் அவள்' — வேண்டாம், சம்பளநாள் கதை மாதிரி இருக்கிறது. 'உலகத்தில் இலவசம் என்று எதுவுமே' — இது பிரசங்கம். 'அவளுக்கு ஓர் அண்ணன்' — இது இருக்கட்டும்.

2.

அவளுக்கு ஓர் அண்ணன். ஆறு வருடங்களுக்கு முன் அவருக்குப் பார்வை போனது. ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்கிறார். திரையில் இருப்பதை ஒரு செயலி அவர் காதில் தமிழில் படித்துச் சொல்லும்.

(பார்வையற்ற அண்ணன் என்றதும் நீங்கள் கைக்குட்டையை எடுத்துவிடுவீர்கள் என்று பயந்து, அவரைக் கதையிலிருந்து தூக்கப் பார்த்தேன். அவர் இல்லாமல் கதை நகரவில்லை.)

அது திறமூலச் செயலி. யாரோ எழுதி, உள்ளே இருப்பதை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைத்து, சும்மா கொடுத்தது. அவள் பக்கம் அமைப்பது, படம் திருத்துவது, எழுத்துருவைச் சரிசெய்வது, அச்சுக்குமுன் பிழை பார்ப்பது எல்லாம் அப்படிப்பட்ட செயலிகளில்தான். அண்ணனுடையதையும் சேர்த்து ஐந்து. சும்மா வாங்கிக்கொண்டே இருப்பது அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஒரு நன்கொடைத் தளத்தில் மாதாமாதம் ஒரு தொகை கட்டினாள். அவள் சொல்லும் விகிதத்தில் தளமே பிரித்து அனுப்பும். ஆளுக்கு இருபது சதவீதம்.

(நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் செயலியும் அந்த வகைதான். இதுவரை ஒரு காசு கொடுத்ததில்லை. இந்த அடைப்புக்குறிக்கு வெளியே அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.)

3.

நாளாக ஆக, சமமாகப் பிரித்தது உறுத்தியது. படம் திருத்தும் செயலிக்குப் பின்னால் பெரிய அமைப்பே இருக்கிறது. அண்ணனின் செயலிக்கு ஒரே ஆள். பகலில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மற்ற நான்கையும் பதினைந்தாகக் குறைத்து, அவருக்கு நாற்பதாக்கினாள்.

அந்த வாரமே, பேச முடியுமா என்று கேட்டு அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவளே கூப்பிட்டாள்.

"மேடம், பணத்தைக் கூட்டியிருக்கீங்க."

"ஆமா சார். உங்களுக்குத்தான் தேவைன்னு தோணிச்சு."

"தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு மாசாமாசம் அனுப்புறது நீங்க ஒருத்தர்தான். இந்தச் செயலியை விட்டுடலாம்னு ரெண்டு வருஷமா பாக்குறேன். அதுக்குள்ள உங்க பணம் வந்துடுது."

"பத்தலையா சார்?"

"பத்தலைன்னா கேட்டிருப்பேனே. ஞாயித்துக்கிழமை முழுக்க இதுக்கே போயிடுது. உங்க அப்பா எங்கன்னு யாராவது கேட்டா, என் பொண்ணு கம்ப்யூட்டரைக் காட்டுறா."

அவள் "சாரி சார்" என்றாள். அவரும் "சாரி மேடம்" என்றார். எதற்கு என்று இருவருக்குமே தெரியவில்லை.

4.

"நிறுத்திடு பாப்பா," என்றார் அண்ணன்.

"நிறுத்தினா அவர் அதை அப்படியே போட்டுடுவாரு. ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டரை மாத்தினாங்கன்னா இந்தப் பழசு ஓடாது. உன் வேலை என்னாகும்?"

"மாத்தறப்ப பாத்துக்கலாம். ஒரு மனுஷனோட ஞாயித்துக்கிழமையைத் தின்னுட்டுதான் நான் பொழைக்கணுமா?"

"நீ ஈஸியா சொல்லிடுவே."

"ஈஸியா இல்ல. பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் சொல்றேன்."

(இங்கே இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் நிறுத்துகிறாள், அண்ணனுக்கு வேலை போகிறது. நீங்கள் லிஃப்ட்காரரைத் திட்டுவீர்கள். மற்றதில் தொடர்கிறாள், அந்தச் சிறுமி அப்பாவின் முதுகையே பார்த்து வளர்கிறாள். நீங்கள் தங்கையைத் திட்டுவீர்கள். இரண்டிலும் நான் தப்பித்துக்கொள்கிறேன். நடந்தது வேறு.)

5.

லிஃப்ட்காரருடைய பங்கைப் பூஜ்ஜியமாக்கினாள். கூட்டினால் நூறு வராதவரை தளம் சேமிக்க விடவில்லை. நாற்பது சதவீதத்தை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் அரை மணி நேரம் விழித்தாள். கடைசியில் மற்ற நான்குக்கும் பத்துப் பத்தாகக் கூட்டிப் போட்டாள். அவருக்கு ஒரு வரி எழுதினாள்: 'இனி அனுப்ப மாட்டேன் சார்.' பதில் இல்லை.

இரண்டு மாதம் கழித்து, நடுப்பகலில், மருத்துவமனையிலிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

"புதுசு வந்திருக்கு பாப்பா. தேதியைத் திக்காம படிக்குது. மூணு வருஷமா கேட்டுட்டிருந்தேனே."

"யாரு செஞ்சது?"

"அவர்தான். கூடவே குறிப்பு எழுதியிருக்காரு. 'மழை. மகள் தூங்கிவிட்டாள். செய்தேன்.' அவ்வளவுதான்."

பணம் போய்க்கொண்டிருந்தவரை வராத திருத்தம். அவளுக்குச் சந்தோஷமா, அவமானமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"இப்ப நான் மறுபடி அனுப்பணுமா, கூடாதா?"

"அவர்கிட்டயே கேளேன்."

"என்னன்னு கேக்கறது?"

பல்வலிக்காரர் ஒருவர் வந்துவிட்டார் என்று சொல்லி அண்ணன் போனை வைத்துவிட்டார்.

6.

லிஃப்ட்காரருக்கான கடிதத்தை அவள் பாதி எழுதி, முடித்துத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். எழுத்தாளர் என்றால் வரும் என்ற நம்பிக்கை. நான்கு நாள் வைத்திருந்தேன். ஒரு சொல்கூட வரவில்லை. உங்களிடம் தருகிறேன். படிக்கப்போவது நானல்ல, அவர். அதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.

'வணக்கம் சார். தேதியை இப்போது சரியாகப் படிக்கிறது, அண்ணனுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் மறுபடியும் அனுப்பினால் அது உங்களுக்கு