வாசலில் வேப்பங்குழை

பிரஷாந்தியைத் தோணியில் கொண்டுவந்தார்கள். நிறைமாதம். உடம்பெல்லாம் கொப்பளம். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் கரகரத்தது. அவளுடைய மாமியார் அன்னப்பூரணி தோணியை விட்டு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக் குசினியில் மீன் ஆக்குவீர்களா என்று கேட்டார்.

ஆக்குவோம் என்றேன். எங்கள் மிஷன் ஆஸ்பத்திரி மட்டக்களப்பு வாவியின் படுவான்கரைப் பக்கம் இருக்கிறது. குணமாகிப் போகிறவர்கள் திரும்பி வரும்போது கொண்டுவருவது மீன்தான். அப்போதும் குழம்பு வாசம் இறங்குதுறை வரை வந்துகொண்டிருந்தது. அன்னப்பூரணி தோணியைத் திருப்பச் சொன்னார்.

அம்மாள் வருத்தம், அதாவது அம்மை, வந்தால் எங்கள் பக்கத்தில் அதை வெறும் நோயாக எடுப்பதில்லை. கண்ணகி அம்மன் அந்த உடம்பில் வந்து தங்கியிருக்கிறாள். அந்த வீட்டில் மீன் இல்லை, தாளிப்பு இல்லை. வாசலில் வேப்பங்குழை, வேப்பிலைக் கொத்து, கட்டுவார்கள்; நோய் இறங்கித் தலைக்குத் தண்ணீர் வார்க்கும் நாள் வரை அது நிற்கும். மருந்து, ஊசி என்றால் அம்மாள் கோபிப்பாள். அதுவும் வைகாசி மாதம், ஊர்க் கண்ணகி கோயில்களெல்லாம் ஆண்டுக்கொருமுறை கதவு திறக்கும் காலம். நான் செங்கலடியில் பிறந்தவன். இதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

எங்கள் ஒரே வைத்தியர் க்ளைவ் தண்ணீருக்குள் இறங்கி, தோணியில் வைத்தே அவளைப் பார்த்தார். பிறகு என்னைத் தனியே அழைத்தார். நெஞ்சுக்குள் நோய் இறங்கிவிட்டது, இன்றே மருந்து தொடங்க வேண்டும் என்றார். கொப்பளம் புதிதாக இருக்கும்போது பிள்ளை பிறந்தால் பிள்ளைக்கும் தொற்றும், அது தப்பாது. சில நாள் பொறுத்துப் பிறந்தால் தாயின் இரத்தமே பிள்ளையைக் காக்கும். வீட்டுக்குத் திரும்பினால் இரண்டு பேரும் போய்விடுவார்கள்.

பிரஷாந்தியின் கணவன் தனோஜன் யுத்தம் நடந்துகொண்டிருந்த வன்னியில் இருந்தான். மாசி மாதத்துக்குப் பிறகு செய்தி இல்லை. அது ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும்.

மேட்ரன் லோர்னா வந்தார். அக்கரை ரவுணில், மட்டக்களப்பு நகரில், பிறந்த பறங்கிப் பெண், ஐரோப்பிய வழிவந்தவர். பெரிய உடம்பு, பெரிய குரல். அன்று குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அக்கா, மீனை நிப்பாட்டினா இறங்குவீங்களா?"

"தாளிப்பும்."

"சரி, தாளிப்பும்."

"வாசல்ல குழை கட்டோணும். தண்ணி வாக்கும்வரைக்கும் அதைக் கழட்டப்படாது. கழட்டினா நான் புள்ளயக் கூட்டிட்டுப் போயிருவன்."

"கட்டுறம். ஆனா நாங்க ஊசி போடுவம்."

அன்னப்பூரணி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாளிடம் தான் கேட்டுக்கொள்வதாகச் சொல்லி இறங்கினார்.

வளவுக்குள் வேறு சமயச் சின்னங்கள் கூடாது என்பது மிஷனின் விதி. அதை லோர்னாவுக்கு நினைவூட்டினேன். "ஆண்டவர் கேட்டா நான் பதில் சொல்லுறன்," என்றார். "போதகர் கேட்டா நீ சொல்லு, தம்பி."

நான் அங்கே நிர்வாக உத்தியோகத்தர். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். என் மனைவி கஜானி அதே ஆஸ்பத்திரியில் தாதி. மார்கழியில் நத்தார்ப் பண்டிகை லீவில் கல்குடாவுக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். கடல் வந்தது. உடல் கிடைக்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரி எனக்கு வேலை தந்துகொண்டே இருந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். டீசலுக்கு ஆமி முகாமில் அனுமதி வேண்டும். ஒட்சிசன் சிலிண்டர் சோதனைச் சாவடியில் நிற்கும், போய்ப் பேசி எடுத்துவர வேண்டும். சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டுச் சபைகள் பெட்டி பெட்டியாகக் கம்பளிப் போர்வைகள் அனுப்பின. இங்கே அதைப் போர்த்தினால் ஆள் அவிந்துபோவான். ஜெனரேட்டர் அறைச் சுவரெல்லாம் தொங்கவிட்டோம். சத்தம் பாதியாகியது, நோயாளிகள் தூங்கினார்கள். மிகவும் பயன்பட்டது என்று நன்றி எழுதினேன். அது உண்மைதான்.

அந்த மார்கழிக்குப் பிறகு நான் மீன் சாப்பிடுவதில்லை. கடலோடு போனவர்களை நினைத்துக் கரையோரத்தில் பலர் அப்படி விட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பத் தொடங்கினார்கள். நான் தொடங்கவில்லை. அதனால் குசினியில் மீன் நின்றது எனக்குத் தெரியவே இல்லை. மற்றவர்களுக்குத் தெரிந்தது. சமையல்காரி சின்னத்தங்கம் பூசணிக்காயை அவித்தார், மறுநாள் பீர்க்கங்காயை அவித்தார், பிறகு திரும்பவும் பூசணிக்காய். வைத்தியர் க்ளைவ் பொரித்த மீனைப் பொதி கட்டிக் கொண்டுவந்து, காரைத் தெருவில் தூரமாக நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயிருந்து சாப்பிட்டார்.

குழை கட்டும் வேலையை லோர்னா யாரிடமும் விடவில்லை. குருத்தோலை ஞாயிறுக்குக் கோயிலைச் சோடித்துப் பழகிய கை. தெருவாசலின் இரண்டு தூணிலும் கொத்துக் கொத்தாகக் கட்டினார். மேலே வளைவாகவும் கட்டினார். ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகை பாதி மறைந்தது.

யுத்தம் முடிந்தது என்று வானொலி சொன்னது அந்த நாட்களில்தான். ரவுண் பக்கம் வெடி கொளுத்தும் சத்தம் கேட்டது. எங்கள் வாசலுக்கு எதிரே இருந்த சாவடியில் ஆமிக்காரர் பாற்சோறு கொடுத்தார்கள். அன்று வெளிநோயாளர் பிரிவுக்கு ஒருவரும் வரவில்லை. பயத்தில் வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்று நினைத்தோம். அடுத்த நாளும் ஆட்கள் காத்திருக்கும் வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. கர்ப்பிணிகளின் கிளினிக் நாளில் ஒரு பெண்கூட வரவில்லை. பயம் தெளிந்தால் வருவார்கள் என்றார் க்ளைவ். பாம்பு கடித்த ஒருவரை எங்கள் வாசலைத் தாண்டி, ரவுண் ஆஸ்பத்திரிக்கு வாவி கடக்கும் துறைக்குக் கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்டபோது எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பிரஷாந்திக்குக் காய்ச்சல் குறைந்தது. மூச்சு குறையவில்லை. கையிலிருந்த ஒட்சிசன் முடியும் நிலை. நான் விடுதியிலேயே இருப்பவன், குழை கட்டிய பிறகு வளவை விட்டு வெளியே போகவில்லை. அன்று சிலிண்டர் எடுக்க ரவுணுக்குப் போனேன். திரும்பி வந்த முச்சக்கர வண்டி வாசலுக்கு வெளியே நின்றது. உள்ளே விடச் சொன்னேன். சாரதி தலையாட்டி மறுத்துவிட்டு, சிலிண்டரை இறக்கி வைத்தான். தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நேரம். நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

சூடான கிறவலில் வெறுங்காலுடன் நின்றபோதுதான் விளங்கியது. குழை கட்டிய வீட்டுக்குள் அயலார் போவதில்லை. தெருத்தூசியோடு போனால் அம்மாளுக்கு ஆகாது, போனவருக்கும் ஆகாது. நாங்கள் ஒரு நோயாளிக்காக முழு ஆஸ்பத்திரிக்கும் குழை கட்டியிருந்தோம்.

சிலிண்டரை உள்ளே சேர்த்துவிட்டு வந்து, காவலாளி வல்லிபுரத்தை அழைத்து, வந்தவர்கள் திரும்பிப் போனார்களா என்று கேட்டேன்.

"ஓம் ஐயா. நானும் சொல்லித்தான் அனுப்பினன்."

"என்னெண்டு?"

"அம்மாள் இருக்கிறா, தண்ணி வாத்த பிறகு வாங்கெண்டு. நீங்க கட்டினது அதுக்குத்தானே?"

அவர் தன் கடமையைச் சரியாகச் செய்த திருப்தியுடன் நின்றார். பாம்பு கடித்தவர் பிழைத்துவிட்டார் என்ற செய்தியும் அவரிடமே இருந்தது. லோர்னாவிடம் போய்ச் சொன்னேன். வார்ட்டுப் படியில் உட்கார்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு, உடம்பு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. குழையை அவிழ்த்தால் அன்னப்பூரணி மருமகளைக் கூட்டிப் போய்விடுவார். அவிழ்க்காவிட்டால் அடுத்து பாம்பு கடித்தவர் உயிரோடு துறையைத் தாண்ட மாட்டார். என்னைப் போய்க் கேட்கச் சொன்னார்.

பிரஷாந்தியை வாவிக்கரையோரம் தனி அறையில் வைத்திருந்தோம். அன்னப்பூரணி வேப்பிலையால் விசிறிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் விசிறுவதை நிறுத்தவில்லை.

"நீங்க கஜானி மிஸ்ஸிட மாப்பிள்ளைதானே, மனே?"

ஓம் என்றேன். தன் மகளுக்குப் பிள்ளை பெறுவித்தது கஜானிதான் என்றார். அப்போது மகளின் தலையணைக்குக் கீழே அன்னப்பூரணி திருநீறு வைத்திருந்தாராம். போதகர் செபம் பண்ண வந்தவர் கண்டுவிட்டார்.

"அது பிள்ளைக்குப் பூசுற பவுடர் எண்டு மிஸ் சொன்னா. கொஞ்சம் எடுத்து அவட கழுத்திலயும் பூசிக் காட்டினா. போதகர் நல்ல மணம் எண்டு சொல்லிட்டுப் போனார்."

இது எனக்குத் தெரியாத கதை. கஜானியைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்று மிச்சம் இருந்தது.

அன்னப்பூரணி மருமகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு சிலிண்டரை. பிறகு ஜன்னலுக்கு வெளியே வாவியை. ஊரவர் அதை ஆறு என்பார்கள்.

"அம்மாள் தெருவாசலால வரல்ல. எங்களோட தோணியில, ஆத்துப் பக்கத்தாலதான் வந்தா. குழை இஞ்சதான் நிக்கோணும். கழட்ட வேணாம். கூட்டிட்டு வாங்க."

வல்லிபுரம் ஏணியில் ஏறி, ஒரு இலைகூட நிலத்தில் விழாமல் அவிழ்த்தார். லோர்னா வெள்ளைச் சீருடையில், இரண்டு கையாலும் குழையை ஏந்தி முன்னே நடந்தார். தாதிமார் பின்னே போனார்கள். சின்னத்தங்கம் செம்பில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தார். எதிர்ச் சாவடியில் நின்ற ஆமிக்காரப் பையன் என்னைப் பார்த்து, "பத்தினி தெய்யோ?" என்று சிங்களத்தில் கேட்டான். கண்ணகிக்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயர். தலையாட்டினேன். தோளில் கிடந்த துவக்கைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கும்பிட்டான்.

குழையை வாவிக்கரைப் பின்வாசல் படலையில் கட்டினோம். அன்று பின்னேரமே தெருவாசலால் ஆட்கள் வந்தார்கள். சத்தம் போட்டார்கள், வரிசையில் சண்டை பிடித்தார்கள். க்ளைவ் ஓய்வில்லாமல் வேலை செய்தார். இன்னொரு அம்மாள் வருத்தக்காரரைப் பின்பக்கம் தோணியில் கொண்டுவந்தார்கள். பிறகு வேறு சிலரையும். வழக்கமாக வீட்டோடு கிடந்திருப்பவர்கள். அவர்கள் எல்லோருக்கும் மருந்து கொடுக்க முடிந்தது.

பிரஷாந்தியின் கொப்பளம் பொருக்குத் தட்டிய பிறகுதான் வலி வந்தது. பெண் பிள்ளை. க்ளைவ் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டு இல்லை. லோர்னா செபம் சொன்னார். அன்னப்பூரணி குலவை இட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது. யாரும் யாரையும் நிறுத்தவில்லை. தனோஜனைப் பற்றிச் செய்தி இல்லை. நான் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தண்ணீர் வார்த்து, குழையை வாவியில் விட்ட மறுநாள், அன்னப்பூரணி ஒரு சட்டி மீன் குழம்புடன் வந்தார். தன் கையால் ஆக்கியது. குசினி மேசையில் எல்லோரையும் இருத்திப் பரிமாறினார். க்ளைவ் காரை விட்டு இறங்கி வந்திருந்தார். நான் மீன் சாப்பிடுவதில்லை என்று லோர்னா அன்னப்பூரணியிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. அன்னப்பூரணி கரண்டியைச் சட்டிக்கு மேலே பிடித்தபடி காத்திருந்தார். வற்புறுத்தவில்லை.

பக்கத்து அறையில் பிள்ளை அழுதது. நல்ல உரத்த குரல்.

சோற்றுக் கோப்பையை நீட்டினேன். உறைப்புக் கூட. முள்ளைப் பார்த்துச் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன். பிறகு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.