கேட்சர் வால்டரின் ஃபைனல்

ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஃபைனல். எங்கள் விக்கெட் கீப்பர் சபரியோ விசா ஸ்டாம்பிங்குக்குச் சென்னை போய் அங்கேயே மாட்டிக்கொண்டான்! மூன்று வருஷமாக மில்பிடாஸ் டீமிடம் மண்ணைக் கவ்வும் சன்னிவேல் டீமுக்கு நான்தான் கேப்டன். வயிறு எரியாதா?

பக்கத்து வீட்டு வால்டருக்கு அறுபத்தெட்டு வயது. இளவயதில் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடிய கேட்சர். பதினோரு வருஷம் சின்ன ஊர் டீம்களில் மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடித்ததில் விரல்கள் கோணிப்போனதுதான் மிச்சம். ஒரு ஃபைனல்கூட ஜெயித்ததில்லை. நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "எத்தனை மணிக்கு?" என்றார்.

மனிதர் பிரமாதப்படுத்திவிட்டார்! ஒரு பந்துகூட அவரைத் தாண்டவில்லை.

கடைசிப் பந்து. இரண்டு ரன் எடுத்தால் மில்பிடாஸ்காரர்கள் சமன் செய்துவிடுவார்கள். சமமானால் கோப்பை பழைய சாம்பியனுக்கே என்பது எங்கள் விதி. மட்டையோடு நின்றவன் அகிலன். நியூஜெர்சியில் பிறந்து, பள்ளி முழுக்க பேஸ்பால் ஆடிய பையன்.

அடித்தான். ஒரு ரன் ஓடி, இரண்டாவதுக்குத் திரும்பினான். பந்து பறந்து வந்து வால்டர் கையில் விழுந்தது. ஸ்டம்ப் காலடியில்! தட்டினால் போதும். வால்டர் தட்டவில்லை. பந்தோடு அகிலன்மேல் பாய்ந்தார். பேஸ்பாலில் அப்படித் தொட்டால்தானே அவுட்! அவனும் பழக்க தோஷத்தில், கோட்டுக்கு ஒரு அடி இருக்கையில் வளைந்து பின்வாங்கினான்.

"டேய் அகில், பேட்டை நீட்டுடா! லைனைத் தொடுடா!" என்று அவர்கள் கேப்டன் சுந்தரராமன் அலறினார்.

வால்டர் எட்டி அவன் வயிற்றில் பந்தை வைத்தார். ஸ்லிப்பிலிருந்து ஓடிய நான், பந்தோடு அந்தக் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்து ஸ்டம்பில் மோதினேன். அம்பயர் விரல் உயர்ந்தது. ஒரு ரன்னில் ஜெயித்தோம்! கிழவரை அப்படியே தூக்கிவிட்டேன்.

அவருக்கோ கோபம். "வயிற்றில் தொட்டபோதே அவுட். கட்டையை ஏன் அடித்தாய்?"

ஸ்கோர் எழுதிய என் மனைவி நாகலக்ஷ்மி கேட்டாள்: "ரன் அவுட்டுக்கு யார் பேர் போடணும்? நீங்கதானே அடிச்சேள்?"

"பால் அவர் கைல இருந்துது. வால்டர்னே எழுது."

வால்டர் நோட்டை வாங்கினார். தன் பெயரைப் படித்தார், கீழே 'சன்னிவேல் வெற்றி' என்பதையும் படித்தார். இரண்டு வரிகளையும் கோணல் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நானும்தான் அழுதேன். அதிலென்ன வெட்கம்?